காற்றைக் குடித்து வாழும் பிராணி

"டாக்டர், பச்சோந்தி வளர்க்கலாமா? பையன் ரீல்ஸ் பார்த்துட்டு கேட்டுக்கிட்டே இருக்கான்."

இந்தக் கேள்வி இப்போ அடிக்கடி வருது. நான் கால்நடை மருத்துவர் இல்லை, மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிற சாதாரண எம்.பி.பி.எஸ். ஆனா இந்தப் பிராணியின் கதையில் மருத்துவர்கள் நிறைய பேர் வந்து போகிறார்கள். அதனால கொஞ்சம் உரிமை எடுத்துக்கிறேன். இழை நீளம் நண்பர்களே, பொறுமையா படிங்க.

பதில் சொல்ல ரெண்டாயிரம் வருஷம் பின்னாடி போகணும்.

முதலாம் நூற்றாண்டு, ரோம். பிளினி என்ற அறிஞர் தன் காலத்து இயற்கை அறிவை எல்லாம் ஒரு பெரிய தொகுப்பாக எழுதுகிறார். அதில் பச்சோந்தியைப் பற்றி ஒரு செய்தி: உலகத்திலேயே உணவும் தண்ணீரும் இல்லாமல் காற்றை மட்டும் உண்டு வாழும் ஒரே விலங்கு இதுதான். அவருக்கு முன்னாடியே ரோமானியக் கவிஞர் ஓவிட் இதைச் சொல்லியாச்சு. பிறகு சுமார் 1,600 வருஷம் ஐரோப்பாவில் படித்தவர்கள் பலர் இதை நம்பினார்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், 'நான் பச்சோந்தி மாதிரி காற்றைத்தான் சாப்பிடுகிறேன்' என்கிற அர்த்தத்தில் ஒரு கிண்டல் அடிப்பான். நாடகம் பார்க்க வந்த லண்டன் கூட்டத்துக்கு அதை விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

சிரிப்பா இருக்கு இல்லையா? ஆனா ஒரு நிமிஷம் யோசிங்க. இந்த நம்பிக்கை எப்படி வந்திருக்கும்?

ஆப்பிரிக்காவில் மரத்தில் இருக்கும் பச்சோந்தியைப் பார்க்கிறவனுக்கு இப்படித் தோன்ற வாய்ப்பே இல்லை. அது நாள் முழுக்க பூச்சி பிடிக்கும். நாக்கு வெளியே பாய்ந்து பூச்சியோடு திரும்பி வருவது கண்ணிமைக்கிற நேரத்தில் நடந்து முடியும். காற்று தின்னும் பச்சோந்தியைப் பார்த்தவன், கூண்டில் இருந்த பச்சோந்தியைத்தான் பார்த்திருக்கணும். எகிப்திலிருந்து கப்பலில் வந்தது, குளிர்ந்த அறையில் ஒரு குச்சியில் உட்கார்ந்திருப்பது, கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் திரும்பிப் பார்க்காதது, வாரக்கணக்கில் எதையும் தொடாதது, ஆனாலும் சாகாதது. அப்பப்போ வாயைத் திறந்து திறந்து மூடும். 'ஓ, காற்றைக் குடிக்குது!'

ஊர்வனவற்றுக்கு நம்மை மாதிரி உடம்பைச் சூடாக வைக்க எரிபொருள் தேவையில்லை. ஒரே எடையுள்ள பாலூட்டிக்குத் தேவைப்படும் சக்தியில் சுமார் பத்தில் ஒரு பங்கு போதும். அதனால பட்டினி கிடந்து சாக அதுக்கு ரொம்ப நாள் ஆகும். வாயைத் திறந்து மூடுவது? உடம்பு சூடு அதிகமானால் பச்சோந்தி அப்படிச் செய்யும். நுரையீரலில் கிருமித்தொற்று வந்து மூச்சுத் திணறினாலும் அப்படித்தான் செய்யும். குளிர் நாட்டுக் கூண்டில் இருந்தவற்றில் எத்தனைக்கு நிமோனியா என்று யார் கண்டது? இது என் ஊகம்தான், ஆனா ஒரு வார்டு டாக்டரின் ஊகம்.

அதாவது, மெல்ல மெல்லப் பட்டினியில் செத்துக்கொண்டிருந்த பிராணியைப் பார்த்துவிட்டு, அதுதான் அதன் இயல்பு என்று எழுதி வைத்துவிட்டார்கள். இந்த இழையில் நான் சொல்ல வருவது இதுதான். கூண்டில் பார்க்கிற நோயை நாம் பச்சோந்தியின் குணம் என்று நினைத்துக்கொள்கிறோம். பிளினி காலத்தில் நடந்தது, ரீல்ஸ் காலத்திலும் நடக்குது.

இதை முதலில் பலமாக எதிர்த்தவர்களில் ஒருவர் மருத்துவர். தாமஸ் பிரவுன், இங்கிலாந்தின் நாரிச் ஊரில் பிராக்டீஸ் செய்தவர். மக்களிடம் பரவியிருந்த தவறான நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலசி 1646-ல் ஒரு தடிமனான புத்தகம் போட்டார். (இன்னிக்கு இருந்திருந்தா வாட்ஸப் பார்வர்டுகளுக்குப் பதில் எழுதியே ஓய்ந்திருப்பார்.) பச்சோந்திக்குத் தனி அத்தியாயம். அவருடைய வாதம் எளிமையானது. இதுக்குப் பல் இருக்கு, இரைப்பை இருக்கு, குடல் இருக்கு, பூச்சி பிடிக்கவே செய்தது போன்ற ஒரு நாக்கு இருக்கு. காற்றைச் சாப்பிடுகிற பிராணிக்கு இதெல்லாம் எதுக்கு? அதோடு, பெலோன் என்ற பிரெஞ்சு இயற்கையாளர் பச்சோந்தியின் வயிற்றை அறுத்து உள்ளே பூச்சிகளைப் பார்த்திருந்ததையும் சாட்சியாகக் காட்டினார்.

அடுத்து பாரிஸ். உயிரோடு வந்த ஒரு பச்சோந்தி அங்கே இறந்துபோக, அறிவியல் அகாடமியைச் சேர்ந்தவர்கள் அதை அறுத்துப் பார்க்கிறார்கள். 1669-ல் அதன் உடற்கூறு விவரங்களைப் படங்களோடு வெளியிட்டவர் கிளாட் பெரோ. அவரும் மருத்துவர்தான். லூவ்ர் அரண்மனையின் புகழ்பெற்ற தூண் வரிசை முகப்பின் வடிவமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. நம் குழந்தைகளுக்குத் தெரிந்த சிண்ட்ரெல்லா கதையை எழுதிய சார்ல் பெரோவின் அண்ணன். ஒட்டகத்தை அறுத்து ஆய்வு செய்தபோது தொற்று ஏற்பட்டு 1688-ல் இறந்தார் என்பார்கள். கையுறையும் ஆன்டிபயாட்டிக்கும் இல்லாத காலம்.

பெரோ போன்றவர்களுக்குப் பச்சோந்தி ஓர் ஆய்வுப் பொருள். அதே ஊரில் இன்னொருவருக்கு அது செல்லப்பிராணி. மத்லேன் த ஸ்குதெரி, அந்தக் காலத்தின் பிரபல நாவலாசிரியை. 1672-ல் அலெக்ஸாண்டிரியாவிலிருந்து அவருக்குப் பச்சோந்திகள் பரிசாக வந்தன. அவற்றைக் கவனித்துக் கவனித்து எழுதி வைத்து, 'இரண்டு பச்சோந்திகளின் கதை' என்று 1688-ல் வெளியிட்டார். பச்சோந்தி வளர்த்த அனுபவத்தை விரிவாக எழுதியவர்களில் இவர் மிக முந்தையவர். அவரிடம் பாசத்துக்குக் குறை இல்லை. ஆனால் பாரிஸ் வீட்டுக்குள் ஆப்பிரிக்க வெயிலை எப்படிக் கொண்டு வருவது? அந்த விஷயம் அப்போது யாருக்குமே தெரியாது. தெரிய இன்னும் 250 வருஷம் ஆகும். அதுக்கு வரேன்.

நடுவில் ஓர் அமெரிக்கக் கூத்து. 1893, சிகாகோவில் கொலம்பஸ் நினைவு உலகக் கண்காட்சி. அங்கே சின்னப் பச்சைப் பல்லிகளை 'பச்சோந்தி' என்று சொல்லி விற்றார்கள். உண்மையில் அது அனோல் என்ற அமெரிக்கப் பல்லி. பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறும், அவ்வளவுதான். கழுத்தில் மெல்லிய சங்கிலி போட்டு, மறுமுனையை ஊசியால் சட்டையில் குத்திக்கொண்டு, உயிருள்ள நகையாகப் பெண்கள் அணிந்தார்கள். அப்புறம் பல பத்தாண்டுகள் சர்க்கஸ் வாசலில் அதே பல்லி, அதே சங்கிலி. 'என்ன சாப்பாடு கொடுக்கணும்?' என்று கேட்டால் விற்கிறவர்கள் சொன்ன பதில்: சர்க்கரைத் தண்ணி போதும்.

காற்று போய் சர்க்கரைத் தண்ணி வந்தது. பூச்சி தின்னும் பிராணிக்குச் சர்க்கரைத் தண்ணி! அது சில வாரம் தாங்கும். அதுக்குள்ள வித்தவன் அடுத்த ஊருக்குப் போயிருப்பான்.

இப்போ அந்த 250 வருஷக் கணக்கு. இது என் துறை, கொஞ்சம் விரிவாகச் சொல்றேன்.

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தொழில் நகரங்களின் குழந்தைகளுக்குக் கால் வளைந்தது, மார்புக்கூடு ஒடுங்கியது. ரிக்கெட்ஸ். காரணம் புரியவில்லை. லண்டன் மிருகக்காட்சி சாலையிலும் சிங்கக் குட்டிகளுக்கு அதே நோய் வந்து ஈத்துக்கு ஈத்து செத்தன. 1880-களில் ஜான் பிளாண்ட்-சட்டன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், வெறும் சதையாகப் போட்டுக்கொண்டிருந்த தீனியோடு நொறுக்கிய எலும்பையும் காட் மீன் ஈரல் எண்ணெயையும் சேர்க்கச் சொன்னார். குட்டிகள் சில மாதத்தில் தேறின.

முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1919-ல், பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர் ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளைப் புற ஊதா விளக்கின் கீழே படுக்க வைத்தார். எக்ஸ்-ரேயில் எலும்பு சேர்வது தெரிந்தது. அதைவிட அழகான சோதனை ஒன்றும் செய்தார். ஒரு கைக்கு மட்டும் வெளிச்சம் காட்டினார். மற்ற கையின் எலும்பும் குணமானது! அப்படின்னா வெளிச்சம் தோலில் ஏதோ ஒரு பொருளை உண்டாக்குது, அது ரத்தத்தில் போய் எலும்பைச் சேருது. அந்தப் பொருள்தான் வைட்டமின் டி.

பச்சோந்திக்கும் இதே கணக்குதான். வெயிலில் இருக்கும் யு.வி.பி. கதிர் தோலில் பட்டால் வைட்டமின் டி உண்டாகும். அது இருந்தால்தான் குடலில் கால்சியம் உறிஞ்சப்படும். கூண்டில் அது கிடைக்காவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து எடுக்கும். கால் வளையும், தாடை ரப்பர் மாதிரி ஆகும், கிளையைப் பிடிக்கும் பலம் போகும். நாக்கை வீச முடியாது. வீசினால் உள்ளே இழுக்க முடியாது. நம்ம ஊர் ஜன்னல் ஓரத்தில் வைத்தால் போதாதா என்று கேட்பீங்க. போதாது. சாதாரணக் கண்ணாடி யு.வி.பி. கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஓ.பி.யில் வரும் அம்மாக்களிடமும் இதைத்தான் சொல்வோம்: குழந்தையை ஜன்னலுக்குப் பின்னால் காட்டாதீங்க, வெளியே தூக்கிட்டு வாங்க.

குழந்தைகளுக்கு 1919-ல் தெரிந்துவிட்ட இந்த விஷயம், கூண்டுப் பச்சோந்திகளுக்குப் பரவலாகப் போய்ச் சேர 1990-கள் ஆயின. அப்போதுதான் ஊர்வனவற்றுக்கான யு.வி.பி. டியூப்லைட்டுகள் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்க ஆரம்பித்தன. அதுவரை பச்சோந்தி என்றாலே கூண்டில் சீக்கிரம் செத்துப்போகும் பிராணி என்றுதான் பெயர்.

அந்தப் பெயர் இருந்தும் வியாபாரம் நிற்கவில்லை. 1972-ல் ஹவாய் தீவுகளில் ஒவாஹுவின் கனேஓஹே ஊரைச் சேர்ந்த செல்லப்பிராணிக் கடைக்காரர் ஒருவர், கென்யாவிலிருந்து சில டஜன் ஜாக்சன் பச்சோந்திகளை வரவழைத்தார். ஆணுக்கு முகத்தில் மூன்று கொம்பு, குட்டி டைனோசர் மாதிரி இருக்கும். வந்து சேர்ந்தபோது எல்லாம் மெலிந்து, நீர்வற்றிக் கிடந்தன. சரி, கொஞ்சம் தேறட்டும் என்று தோட்டத்துச் செடிகளில் விட்டார்.

தேறின. தேறித் தோட்டத்தை விட்டே போய்விட்டன.

கூண்டில் சாகக் கிடந்த அதே பிராணிக்கு மழை, இலை, வெயில், இரவுக் குளிர்ச்சி, விதவிதமான பூச்சி எல்லாம் கிடைத்தவுடன் தீவு தீவாகப் பெருகிவிட்டது. 1981-ல் கென்யா ஏற்றுமதியைத் தடை செய்த பிறகு, அமெரிக்கக் கடைகளுக்கு ஜாக்சன் பச்சோந்தி ஹவாயிலிருந்துதான் போனது. ஹவாய்க்கு அதில் லாபம் இல்லை. அங்கே மட்டுமே வாழும் அரிய நத்தைகள் இந்தப் பச்சோந்திகளின் வயிற்றில் கிடைத்திருக்கின்றன.

சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1977 முதலே பச்சோந்திகள் உண்டு. ஆனாலும் மடகாஸ்கரிலிருந்து ஏராளமாகப் போய்க்கொண்டிருந்தன. அங்கிருந்து வரும் முக்கியப் பச்சோந்திப் பேரினங்களில் நான்கு இனங்களை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றின் வணிகத்தை 1995-ல் நிறுத்தி வைத்தார்கள்.

ஒரு விஷயத்தையும் நியாயமாகச் சொல்லணும். எல்லா மரணத்துக்கும் வளர்த்தவர்தான் காரணம் என்று சொல்ல முடியாது. மடகாஸ்கரின் லபோர்டு பச்சோந்தி முட்டைக்குள் எட்டு, ஒன்பது மாதம் இருக்கும். வெளியே வந்து நான்கைந்து மாதத்தில் வளர்ந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டு இறந்துவிடும். நான்கு கால் விலங்குகளிலேயே இப்படி ஒரு வாழ்க்கை அபூர்வம். இதை 2008-ல் வெளியிட்ட கார்ஸ்டன் குழுவினரே, கூண்டில் பச்சோந்திகள் சீக்கிரம் இறப்பதில் ஒரு பங்கு சில இனங்களின் இயற்கையான ஆயுளாகவே இருக்கலாம் என்று எழுதினார்கள். காட்டிலிருந்து பிடித்து வரும் வியாபாரத்தில் வாங்குகிறவருக்கு அதன் வயசு கூடத் தெரியாது என்பதையும் சேர்த்துப் பாருங்க.

அதே கார்ஸ்டன் இன்னொரு ஆய்விலும் இருந்தார், 2009-ல். அதில் இருந்த ஒரு பெயரைப் பார்த்து நான் ஆச்சரியப்பட்டேன்: மைக்கேல் ஹாலிக். மனித வைட்டமின் டி ஆராய்ச்சியில் உலகறிந்த மருத்துவர். அவருக்குப் பச்சோந்தியிடம் என்ன வேலை? பாந்தர் பச்சோந்திகளில் சிலவற்றுக்கு வைட்டமின் டி குறைந்த உணவும், சிலவற்றுக்கு நிறைந்த உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். குறைவாகக் கிடைத்தவை தாங்களாகவே யு.வி. அதிகமுள்ள இடத்தில் கூடுதல் நேரம் இருந்தன. நிறையக் கிடைத்தவை ஒதுங்கிக்கொண்டன. ரத்தப் பரிசோதனைச் சீட்டு இல்லாமலே அதுக்குத் தன் அளவு தெரியுது! ஆனா ஒதுங்க நிழலும் காய வெயிலும் இரண்டும் இருந்தால்தான் அந்த அறிவு பயன்படும். ஒரடிக் கண்ணாடிப் பெட்டியில் அது எங்கே போகும்?

சரி, இன்றைக்கு வளர்ப்பது எப்படி இருக்கும்? கடைகளில் அதிகம் கிடைப்பவை ஏமன் நாட்டு முக்காட்டுப் பச்சோந்தியும் மடகாஸ்கர் பாந்தரும். இப்போது பெரும்பாலும் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. காற்றோடும் வலைக் கூண்டு, உயரமாக வேணும். கிண்ணத்துத் தண்ணீரை இவை பெரும்பாலும் தண்ணீராகவே அறியாது. இலையில் சொட்டும் துளியை நக்கித்தான் குடிக்கும், அதனால் தினமும் இலை நனையணும். உயிருள்ள பூச்சி வேணும், அதையும் நல்ல தீனி கொடுத்து வளர்த்து, கால்சியம் பொடி தூவிக் கொடுக்கணும். சுவர்க்கோழிப் பூச்சியில் கால்சியம் ரொம்பக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். ஜாக்சன் மாதிரி கென்ய மலைப் பச்சோந்திக்கு இரவில் குளிர்ச்சி வேணும். சென்னை மே மாதத்தில் நமக்கே கிடைக்காத குளிர்ச்சி.

பெண் பச்சோந்தியின் நிலைமை இன்னும் மோசம். முக்காட்டுப் பச்சோந்தி ஆணே இல்லாமலும் முட்டை உருவாக்கும், ஒரு ஈட்டுக்குப் பல டஜன். செல்லம் கொடுத்து அதிகமாகத் தீனி போட்டால் முட்டையும் அதிகமாகும். புதைக்க ஆழமான ஈர மணல் இல்லையென்றால் முட்டையை உள்ளேயே வைத்துக்கொண்டு துடித்துச் சாகும். லேபர் வார்டில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

இப்போ அந்த ரீல்ஸுக்கு வருவோம். கையில் வைத்ததும் நிறம் மாறுது, என்னைப் பார்த்ததும் பளிச்சென்று ஆகுது! பின்னணியில் இருக்கும் நிறத்துக்கு ஏற்ப மாறுவது இதன் முக்கிய வேலை இல்லை. தோலுக்குள் அடுக்காக இருக்கும் நுண்ணிய படிகங்களின் இடைவெளியை மாற்றித்தான் பாந்தர் பச்சோந்தி நிறம் மாற்றுகிறது என்று 2015-ல் ஜெனீவா ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆண் பளிச்சென்று ஆவது பெரும்பாலும் இன்னொரு ஆணைப் பார்த்து மோதத் தயாராகும்போது, அல்லது பெண்ணைக் கவரும்போது. கையில் எடுத்ததும் கறுத்துப் போவது பல நேரம் பயத்தின் அடையாளம். கேமரா முன்னாடி கண்ணை மூடிக்கொண்டு 'ரிலாக்ஸ்' பண்ணும் பச்சோந்தி? பகலில் கண்ணை மூடும் பச்சோந்திக்குப் பெரும்பாலும் உடம்பு சரியில்லை. அதுக்குத்தான் லைக்ஸ் அள்ளுது.

குழந்தை இருக்கும் வீடு என்றால் இதையும் தெரிஞ்சுக்கோங்க. ஊர்வனவற்றின் குடலில் சால்மனெல்லா கிருமி சர்வசாதாரணம், அதுக்கு ஒன்றும் செய்யாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, வயதானவர்களுக்கு, எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கு அது கடுமையான வயிற்றுப்போக்கையும், சில சமயம் ரத்தத்தில் தொற்றையும் கொண்டு வரும். குட்டி ஆமைகளால் குழந்தைகளுக்கு இது பரவியதால்தான் அமெரிக்கா 1975-ல் நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமை விற்பனையைத் தடை செய்தது.

நம்ம ஊர் சட்டம் சுருக்கமா: நம் காடு கழனிகளில் இருக்கும் இந்தியப் பச்சோந்தி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வெளிநாட்டு இனம் என்றாலும், சைட்டிஸ் பட்டியலில் இருந்தால், 2022 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு அரசிடம் பதிவு செய்யணும். 'பில் எல்லாம் வேணாம் சார்' என்று பார்சல் அனுப்புகிறவரிடம் வாங்கினால் சிக்குவது நீங்கள்தான்.

வேலியில் தலையாட்டிக்கொண்டு ஓடுவது ஓணான். பலர் அதையே பச்சோந்தி என்கிறார்கள். நிஜப் பச்சோந்தி ஓடாது, காற்றில் ஆடும் இலை மாதிரி முன்னும் பின்னும் ஆடி ஆடி நடக்கும். இரண்டு கண்ணும் வேறு வேறு திசையில் சுழலும், பாதம் இடுக்கி மாதிரி கிளையைப் பிடிக்கும். அதன் மூச்சுக்காற்றே விஷம் என்று பயந்து அடித்துக் கொல்கிற ஊர்கள் உண்டு. விஷம் கிடையாது. கடித்தால் கேஷுவல்டிக்கு ஓடிவர வேண்டாம். காயம் ஆகியிருந்தால் சோப்பு போட்டுக் கழுவிட்டு, டிடி ஊசி எப்போ போட்டோம் என்று பார்த்துக்கோங்க. ரோட்டைக் கடக்கும் ஒன்றைப் பார்த்தால், வண்டியை ஓரமா நிறுத்தி, ஒரு குச்சியை முன்னால் நீட்டுங்க. அதுவா ஏறிக்கும். அது போய்க்கொண்டிருந்த பக்கத்து மரத்தில் குச்சியைச் சாய்த்து வெச்சிட்டு வாங்க.